கிழங்கும் மீனும்

நாஞ்சில் நாட்டில் பிறந்தவர்களுக்கு நாக்கு சற்று நீளம் என்று பிற மாவட்டத்து நண்பர்கள் கேலி செய்வது உண்டு. நாம் எங்கே போனாலும் ஊர்ச் சாப்பாட்டைப் பற்றியே பேசுகிறோமாம். சென்னையில் பத்து வருடம் குடியிருந்தாலும், அவியலில் தேங்காய் எண்ணெய் மணக்கவில்லை என்று குறை சொல்கிறோமாம். வளைகுடா நாட்டுக்குப் புறப்படுகிறவனின் பெட்டியில் துணிமணியை விட நேந்திரங்காய் வற்றலும் கருப்பட்டியும் நல்லமிளகும்தான் அதிக இடத்தைப் பிடித்துக்கொள்கின்றனவாம். கேலியில் உண்மை இல்லாமல் இல்லை. தன் ஊரின் சோற்றையும் உடையையும் பாட்டையும் விரும்புவது எந்த மனிதனுக்கும் இயல்பு. நமக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே வாய்த்திருக்கிறது.

ஆனால் கிறிஸ்தவனாகிய எனக்கு இந்த விருப்பத்தோடு ஒரு கேள்வியும் சேர்ந்தே வளர்ந்தது. ஞானோபதேச வகுப்பில் தலையான பாவங்கள் ஏழு என்று மனப்பாடம் செய்தபோது, அவற்றுள் போசனப்பிரியமும் ஒன்று என்று கற்றுத் தந்தார்கள். தபசு காலத்தில் ஒறுத்தலும், வெள்ளிக்கிழமைகளில் சுத்தபோசனமும் வீட்டு வழக்கமாக இருந்தன. அப்படியானால் ருசித்து உண்பதும், நல்ல உடையை விரும்பி உடுத்துவதும், திருவிழா இரவில் மேளத்தை மெய்ம்மறந்து கேட்பதும் ஆன்மாவுக்கு உதவாத உலக இன்பங்கள்தாமா? அல்லது அவையும் இறைவனுக்கு நன்றி சொல்லும் வழிகளாக முடியுமா? பல ஆண்டுகளாக என்னுள் இருந்துவரும் இந்தக் கேள்வியை இப்பக்கங்களில் வாசகர்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

முதலில் நம் நிலத்தைப் பார்ப்போம். குமரி மாவட்டம் 1,700 சதுர கிலோமீட்டருக்கும் குறைவான பரப்புடையது. தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களைத்தான் பழைய வழக்கில் நாஞ்சில் நாடு என்பார்கள். ஆனால் வெளியூரில் வாழும்போது கல்குளத்தாரும் விளவங்கோட்டாரும் அந்தப் பெயருக்குள் தாமாகவே வந்துவிடுகிறார்கள். காலையில் மலையடிவாரத்தில் பேருந்து ஏறினால், வயலையும் தென்னந்தோப்பையும் தாண்டி, நண்பகலுக்கு முன்பே கடல் மணலில் கால் பதிக்கலாம். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ஆகிய இரண்டுமே நமக்கு உண்டு. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை நாம் திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தவர்கள். ஆகவே நம் பேச்சிலும் சமையலிலும் தமிழும் மலையாளமும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்களைப் போலப் பழகுகின்றன.

இவை அனைத்தையும் ஒரே இடத்தில் காண வேண்டுமானால் நாகர்கோவில் சந்தைக்குப் போக வேண்டும். 2019இல் மாநகராட்சியாக உயர்ந்துவிட்ட நகரம்தான். ஆனால் வடசேரி கனகமூலம் சந்தையில் நுழைந்தால் அது இன்னும் கிராமங்களின் கூடுகையாகவே தெரிகிறது. மலைப்பக்கத்துப் பலாவும் கிராம்பும், தோவாளைப் பூவும், ஈத்தாமொழித் தேங்காயும், வாழைக்குலைகளும் அங்கே வந்து சேருகின்றன. வாழையில் மட்டும் எத்தனை வகை! செவ்வாழை, நேந்திரன், பாளையங்கோட்டான், ரசகதலி, அவற்றோடு நம் மட்டி. விரல் நீளமே உள்ள அந்த மட்டிப் பழத்தை உரித்தால் எழும் மணத்தை வேறெந்தப் பழத்திலும் நான் கண்டதில்லை. பல்முளைக்காத குழந்தைக்கு முதலில் மசித்துக் கொடுப்பதும் அதுதான். நோயுற்ற முதியவர் கடைசியாக விரும்பிக் கேட்பதும் பெரும்பாலும் அதுதான்.

சமையல் என்றால் நாஞ்சில் நாட்டு விருந்தைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பருப்பும் நெய்யும் பப்படமும், அவியலும் எரிசேரியும், உள்ளித் தீயலும் புளிசேரியும், துவரனும் இஞ்சிப் பச்சடியும், பிறகு அடைப் பிரதமனும் அதில் பிசைந்துகொள்ள மட்டிப் பழமும் வாழையிலையில் வரிசையாக வந்து விழும். இந்துக்களின் கல்யாண வீடானாலும் கிறிஸ்தவர்களின் கல்யாண வீடானாலும் இலையில் இந்த ஒழுங்கு பெரும்பாலும் மாறுவதில்லை. கிறிஸ்துமசுக்கு நம் வீடுகளில் முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் சுடுகிறார்கள். முந்திரிக்கொத்தில் முந்திரி கிடையாது. வறுத்துப் பொடித்த சிறுபயற்றைத் தேங்காய், எள், ஏலக்காயோடு பாகில் பிசைந்து உருட்டி, அரிசிமாவில் முக்கி, இரண்டு மூன்றாக ஒட்டிப் பொரிப்பார்கள். கொத்தாக ஒட்டியிருப்பதாலேயே இந்தப் பெயர் வந்ததென்று என் பாட்டி சொல்லுவார்.

ஆனாலும் நம் மக்களுடைய அன்றாட உணவு விருந்தில் இல்லை; கிழங்கிலும் மீனிலும் இருக்கிறது. மரச்சீனிக் கிழங்கை வெட்டி அவித்து, நீரை வடித்து, தேங்காயும் சீரகமும் பச்சை மிளகாயும் ஒதுக்கிச் சேர்த்து மசித்துக் கிளறி எடுப்பார்கள். பக்கத்து அடுப்பில் மண்சட்டியில் நெத்திலிப் புளிமுளம் கொதித்துக்கொண்டிருக்கும். அரைத்த தேங்காயும், புளியும், ஒரு துண்டு மாங்காயும், முருங்கைக்காயும், இறக்கும்போது மேலே சிறிது பச்சைத் தேங்காய் எண்ணெயும், வேறொன்றும் தேவையில்லை. கூலி வேலை முடித்துவந்த மனிதர் அதை வட்டிலில் போட்டுத் தின்னும்போது அவர் முகத்தில் தெரிகிற நிறைவைப் பார்த்தவர்கள், போசனப்பிரியம் என்ற சொல்லை அங்கே பயன்படுத்தத் துணியமாட்டார்கள். பசித்தவன் ருசித்து உண்பது பாவமாக இருக்க முடியாது. மன்னாவைத் தந்த இறைவன் அதற்குத் தேனின் சுவையையும் சேர்த்தே தந்தார் என்று விடுதலைப் பயண நூல் சொல்லுகிறதல்லவா?

இந்தக் கிழங்கைப் பற்றி வியப்பான ஒரு செய்தி உண்டு. நம் மண்ணின் அடையாளம் என்று நாம் பெருமை கொள்ளும் மரச்சீனி இந்த மண்ணுக்கு உரியதே அன்று. தென் அமெரிக்காவில் விளைந்த அந்தக் கிழங்கைப் போர்த்துக்கீசியர்கள் கடல் கடந்து மேற்குக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். 1880 முதல் 1885 வரை ஆண்ட திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள், ஏழைகளின் பஞ்சம் தீர்க்கும் உணவென்று கண்டு அதன் சாகுபடியை ஊக்குவித்தார். நாம் கொல்லாமரம் என்று அழைக்கும் முந்திரியும் அவ்வாறே பிரேசிலிலிருந்து வந்தது. அன்னாசியும் பப்பாளியும் வந்தவைதாம். மிளகாய்கூட அந்நியம்தான், அது வருவதற்கு முன் நம் குழம்புக்குக் காரம் தந்தது மிளகு. புதிதாக வந்த காயை மிளகாய் என்று பெயரிட்டு ஏற்றுக்கொண்ட நம் முன்னோர், பழைய மிளகை மறவாமல் நல்லமிளகு என்று இன்றுவரை மரியாதையோடு அழைக்கிறார்கள்.

எந்தக் கடல்வழியில் கிழங்கும் மிளகாயும் வந்தனவோ அதே கடல்வழியில்தான் புனித பிரான்சிஸ் சவேரியாரும் வந்தார். 1541ஆம் ஆண்டு லிஸ்பன் துறைமுகத்தில் கப்பலேறியவர், 1542 மே மாதம் கோவாவில் இறங்கினார். 1544ஆம் ஆண்டின் இறுதியில் நம் கடற்கரையின் ஊர்களில் நடந்து, முக்குவர் குல மக்களில் ஏறத்தாழ பத்தாயிரம் பேருக்குத் திருமுழுக்கு அளித்தார். அந்நிய மண்ணின் விதை நம் மண்ணில் விழுந்தது. பிறகு நடந்ததுதான் முக்கியம். தேங்காயும் சீரகமும் சேர்ந்து கிழங்கை நம்முடையதாக்கியது போல, கொடியேற்றமும் தேரும் முத்துக்குடையும் சேர்ந்து அந்த விசுவாசத்தை நம்முடையதாக்கின. கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் நவம்பர் 24இல் கொடியேறி டிசம்பர் 3இல் நிறைவுறும் திருவிழாவைப் பாருங்கள். உப்பும் நல்லமிளகும் நேர்ச்சையாக வைத்து, தேருக்குப் பின்னே விழுந்து கும்பிட்டு வருகிற கூட்டத்தில் கிறிஸ்தவர் யார், இந்து யார் என்று பிரித்தறிய முடியாது. அந்த நேர்ச்சை முறையை எந்த ஐரோப்பியரும் நமக்குக் கற்றுத் தரவில்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பரில் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, ஒவ்வொரு மக்களினத்தின் பண்பாட்டுக் கொடைகளையும் திருச்சபை மதித்துப் பேண வேண்டும் என்று வலியுறுத்தியது. அறிஞர்கள் ஏட்டில் எழுதியதை நம் பாமர மக்கள் அதற்குப் பல தலைமுறை முன்பே வாழ்ந்து காட்டிவிட்டார்கள். பண்பாடு என்பது வெளிக்காற்றே படாத கண்ணாடிப் பெட்டி அன்று. வந்ததை ஏற்று, சமைத்து, செரித்து, தன் இரத்தமாக்கிக்கொள்ளும் ஆற்றலே பண்பாடு.

உடையிலும் இதே கதைதான். ஆனால் இங்கே கண்ணீரும் கலந்திருக்கிறது. என் பாட்டி ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் புறப்படுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். வெள்ளைச் சட்டை, கரைபோட்ட முண்டு, தலையை மூடித் தோளில் விழும் நேரியல், தொங்கும் காதுகளில் பாம்படம். அந்தத் தோற்றத்தில் ஓர் அரசியின் கம்பீரம் இருந்தது. அந்தச் சட்டை சும்மா கிடைத்ததன்று என்பதைப் பின்னாளில் வரலாற்று நூல்களில்தான் படித்தேன். தாழ்த்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்த பெண்கள் மார்பை மறைத்து ஆடை அணியக் கூடாது என்று திருவிதாங்கூர் வழக்கம் தடுத்தது. அதை எதிர்த்துப் பல்லாண்டுகள் தோள்சீலைக் கலகம் நடந்தது. சந்தைகளில் பெண்களின் ஆடைகள் கிழிக்கப்பட்டன. 1859 ஜூலை 26இல் மன்னரின் அறிவிப்பு வந்தது. நாடார் குலப் பெண்கள் மேலுடை அணியலாம், ஆனால் உயர்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியக் கூடாது என்றது அந்த அறிவிப்பு. உரிமையைத் தரும்போதும் வேற்றுமையை விட்டுவிட அவர்களுக்கு மனம் வரவில்லை.

இதை அறிந்தபின் ஆடை மோகம் என்று எளிதாக எவரையும் கண்டிக்க என்னால் முடிவதில்லை. கோட்டாற்றுத் துணிக்கடையில் கிறிஸ்துமசுக்குப் புடவை எடுக்கும் ஒரு தாய், நான்கைந்து தலைமுறைக்கு முன் தன் குலத்துப் பெண்ணுக்கு மறுக்கப்பட்ட மரியாதையைக் கையில் எடுத்துப் பார்க்கிறாள். நாகர்கோவிலில் இலண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெண்களுக்கு லேஸ் பின்னல் கற்றுக் கொடுத்தார். பெல்ஜியத்திலிருந்து வந்த அன்னை மரிய லூயிஸ் தெமேஸ்டர் 1897இல் முளகுமூட்டுக்கு வந்து, ஆதரவற்ற சிறுமிகளைப் பேணும் பணியைத் தொடங்கினார். அங்கும் லேஸ் பின்னலும் பூத்தையலும் பெண்களுக்குப் பிழைப்பு ஆயின. மேலாடைக்காகப் போராடிய மண்ணின் பெண்கள், சீமையின் மேசைகளுக்கும் பீடங்களுக்கும் விரிப்புப் பின்னிக் கொடுத்தார்கள் என்பதில் எத்தனை பொருள் இருக்கிறது! வடசேரியின் கைவினைஞர்கள் கோவில் நகைகள் செய்கிறார்கள். கோவில் திருமேனிகளுக்கென்று பிறந்த அந்தச் சிவப்புக்கல் ஆபரணங்கள் இன்று பரதநாட்டிய மேடைகளில் மின்னுகின்றன.

இசைக்கு வருவோம். வில்லுப்பாட்டு தென்கோடித் தமிழகத்தின் கலை. மணிகள் கட்டிய நீண்ட வில்லை வீசுகோலால் தட்டி, குடமும் உடுக்கையும் தாளமும் முழங்க, தலைமைப் புலவர் பாடப் பின்னே இருப்பவர் ஆமாம் போடும்போது, கதையின் நடுவில் எழுந்து போக யாருக்கும் மனம் வராது. அம்மன் கோவில்களிலும் சுடலைமாடன் கொடைகளிலும் வளர்ந்த அந்தக் கலையை, நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908இல் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் பொது மேடைக்குக் கொண்டுவந்தார். நம் மக்களோ அதே வில்லில் விவிலியக் கதைகளையும் புனிதர் வரலாறுகளையும் கட்டிப் பாடினார்கள். களியலும் அப்படித்தான். ஆசான் நடுவில் நின்று தாளத்தோடு பாட, இளைஞர்கள் வட்டமாகச் சுற்றிவந்து கம்புகளைத் தட்டி ஆடுவார்கள். முதலில் மெதுவாகத் தொடங்கி, காலம் ஏற ஏற, கடைசியில் கம்பு எது கை எது என்று தெரியாத வேகத்தில் ஆட்டம் முடியும். தபசு காலத்தில் கடற்கரை ஊர்களில் வியாகுலப் பிரசங்கம் வாசிக்கக் கேட்டவர்களுக்கு, துயரத்துக்கும் ஓர் இராகம் உண்டென்பது தெரியும். இலங்கையில் உழைத்த கோவா குரு ஜாக்கோமே கொன்சால்வஸ் பதினெட்டாம் நூற்றாண்டில் எழுதிய நூல் அது. அதுவும் கடல் கடந்து வந்து நம்முடையதாகிவிட்ட ஒன்று.

இவ்வளவும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டால் இது ஊர்ப்பெருமைக் கட்டுரையாக மட்டுமே முடிந்துவிடும். ஆனால் கிழங்கையும் மீனையும் பற்றிப் பேசத் தொடங்கியவன் அவற்றைக் கொண்டுவந்தவர்களைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் உள்நாட்டுக் கிராமத்துக்குக் கடற்கரையிலிருந்து ஒரு மீன்காரப் பெண்மணி வருவார். ஓலைக்கடவத்தில் சாளையும் நெத்திலியும் சுமந்து, பல மைல் தூரம் ஓட்டமும் நடையுமாக வந்து சேருவார். பணம் கொடுப்பவர்கள் சிலர். கிழங்கும் தேங்காயும் கொடுத்து மீன் வாங்குபவர்கள் பலர். திரும்பும்போது அவருடைய கடவத்தில் மீனுக்குப் பதிலாகக் கிழங்கு இருக்கும். கடற்கரையின் கிழங்கும் உள்நாட்டின் மீனும் இப்படி ஒரு பெண்ணின் தலைச்சுமையில்தான் இடம் மாறின. அவரும் கத்தோலிக்கர், நாங்களும் கத்தோலிக்கர், சவேரியார் திருவிழாவில் ஒரே தேரின் முன் கைகூப்பியவர்கள். ஆனாலும் அவர் எங்கள் வீட்டுப் படி ஏறியதில்லை. முற்றத்துப் பலாமரத்தடிதான் அவருக்கு இடம். அவருக்குத் தண்ணீர் கொடுக்கத் தனிப் பாத்திரம் இருந்தது.

ஓர் ஆடி மாதத்தில் நல்ல மழை. அம்மா அவரை உள்ளே அழைத்து, அடுக்களையில் பலகை போட்டு உட்காரவைத்து, எங்களுக்குப் பரிமாறும் வட்டிலிலேயே கிழங்கும் குழம்பும் வைத்தார். அன்று வீட்டுக்கு வந்திருந்த உறவினர் ஒருவர், அப்பாவுக்குப் பெரியப்பா முறை, இதைக் கண்டு இலையை விட்டு எழுந்துவிட்டார். அம்மா தாழ்ந்த குரலில், “மாமா, மழையில நிறுத்திப் போட்டு நாம எப்பிடி சோறு திங்கது? பூசையில ஒரே அப்பத்தத்தானே எல்லாரும் வாங்குதோம்” என்றார். அவர் பதில் சொல்லவில்லை. குடையை எடுத்துக்கொண்டு மழையிலேயே போய்விட்டார். மீன்காரப் பெண்மணி பாதியில் எழப் பார்த்தார். அம்மா அவர் தோளைப் பிடித்து அமர்த்தி, “நீங்க தின்னுங்க அக்கா” என்று இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார். மறு வருடம் கிறிஸ்துமசுக்கு அந்த உறவினர் மீண்டும் வந்தார். அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் அந்தத் தனிப் பாத்திரத்தை அதன்பின் நான் வீட்டில் பார்க்கவில்லை.

அம்மா அதிகம் படித்தவர் அல்லர். அந்தியோக்கியாவில் நடந்ததை அவர் அறிந்திருப்பாரா என்பது ஐயமே. பிற இனத்தாரோடு அமர்ந்து உண்டு வந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் அஞ்சிப் பந்தியை விட்டு விலகினார் என்றும், பவுல் அவரை நேருக்கு நேர் கண்டித்தார் என்றும் கலாத்தியர் திருமுகம் கூறுகிறது. தூய்மையான உணவு, தீட்டான உணவு என்ற வேற்றுமையைக் கடவுளே நீக்கிவிட்டதை யோப்பா நகரத்து மாடியில் காட்சியாகக் கண்டவர் அதே பேதுரு. கண்ட பிறகும் பந்தியில் தடுமாறினார். திருச்சபையின் முதல் பெரிய சோதனைகளுள் ஒன்று சாப்பாட்டு மேசையில் நேர்ந்தது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

நம் மண்ணின் மறைசாட்சி புனித தேவசகாயமும் இந்தச் சோதனையைச் சந்தித்தவரே. 1712இல் நட்டாலத்தில் பிறந்து, அரண்மனைப் பணியில் இருந்து, டச்சுத் தளபதி டிலனாயின் வழியாக விசுவாசத்தை அறிந்து, 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். சாதி வேறுபாடின்றி எல்லாரும் சமம் என்று அவர் வற்புறுத்தியது மேல்தட்டினரின் பகையைத் தூண்டியது. 1749இல் கைதாகி, 1752 ஜனவரி 14இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தியபோது, அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப்பெயர் விலக்கப்பட்டிருந்தது. கோட்டாறு பேராலயத்தில் அவருடைய கல்லறைமுன் முழந்தாளிடுகிறோம். வெளியே வந்ததும் யார் வீட்டில் சாப்பிடலாம், யாரோடு சம்பந்தம் பேசலாம் என்று கணக்குப் பார்த்தால் அந்த வணக்கத்துக்கு என்ன பொருள்?

மீனை ருசிக்கும் நாம் மறக்கக் கூடாத இன்னொன்றும் உண்டு. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமசுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, குளச்சலிலும் மணக்குடியிலும் பிற கடற்கரை ஊர்களிலும் கடல் ஏறி வந்ததை இம்மாவட்டம் மறக்காது. அதன்பின் பல நாள் மக்கள் மீன் வாங்கவே தயங்கினார்கள். உயிரையும் உடைமையையும் இழந்து நின்றவர்களுக்கு அது இரண்டாவது அடியாயிற்று. 2017 நவம்பர் 30இல் ஒக்கிப் புயல் வந்தது. கோட்டாற்றில் சவேரியார் திருவிழா நடக்கும் நாள்கள் அவை. ஆழ்கடல் மீன்பிடிப்புக்குப் பெயர்பெற்ற தூத்தூர் வட்டாரத்து ஊர்களில், கடலுக்குப் போன ஆண்களுக்காகப் பெண்கள் நாள்கணக்கில் கரையில் காத்திருந்தார்கள். பலர் திரும்பவே இல்லை. நம் வட்டிலில் இருக்கும் மீன் யாருடைய ஆபத்தை விலையாகக் கொண்டு வந்தது என்று நினையாமல் உண்டால், அதுதான் போசனப்பிரியம் என்று எனக்குத் தோன்றுகிறது. பாவம் ருசியில் இல்லை, மறதியில் இருக்கிறது.

இன்று நம் ஊரின் சுவைகளுக்கு வெளியில் மதிப்புக் கூடியிருக்கிறது. குமரிக் கிராம்பும், ஈத்தாமொழித் தேங்காயும், வடசேரிக் கோவில் நகையும், 2023இல் மட்டிப் பழமும், 2025இல் தோவாளை மாணிக்கமாலையும் புவிசார் குறியீடு பெற்றுள்ளன. மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் குறியீட்டுச் சான்றிதழால் மட்டும் ஒரு பழம் தழைத்துவிடாது; நட்டு வளர்ப்பவர் வேண்டும். பழையாற்றுப் பாசனத்து வயல்கள் வீட்டுமனைகளாகின்றன. பனையேறுவோர் அருகிவருவதால் அக்கானி கிடைப்பதும் அரிதாகிறது. திருவிழா மேடைகளில் வில்லும் களியலும் இருந்த இடத்தை வாடகை ஒலிபெருக்கிகள் பிடித்துக்கொண்டன. எல்லா ஊர்களிலும் ஒரே உணவும் ஒரே பாட்டும் கிடைக்கும் காலம் நெருங்குகிறது. இதற்கு எதிராகக் கதவை அடைத்துக்கொண்டு நம் பண்பாடே உயர்ந்தது என்று கோஷமிடுவதும் வழியன்று. அடைத்த கதவுக்குள் மரச்சீனியும் வந்திராது, மறையும் வந்திராது.

நம் பங்குகளில் செய்யத்தக்கவை சில உண்டு. திருவிழாவின் ஓர் இரவை நம் ஊர்க் களியல் ஆசான்களுக்கும் வில்லுப்பாட்டுக் குழுவினருக்கும் ஒதுக்கி, உரிய மதிப்பூதியமும் கொடுக்கலாம். மறைக்கல்விப் பிள்ளைகள் தங்கள் பாட்டிமாரிடம் பழைய செபங்களையும் பாடல்களையும் சமையல் முறைகளையும் கேட்டு எழுதிவரலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, உள்நாட்டுப் பங்கின் அன்பியக் குடும்பங்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது கடற்கரைப் பங்குக்குச் சென்று உண்ணட்டும். அவர்களும் நம் வீடுகளுக்கு வந்து உண்ணட்டும். சமபந்தி என்று சுவரொட்டி ஒட்டி மண்டபத்தில் நடத்துவதை விட, ஒருவர் அடுக்களையில் இன்னொருவர் பலகை போட்டு அமர்வது நெஞ்சுக்கு நெருக்கமானது.

உயிர்த்த ஆண்டவர் திபேரியக் கடற்கரையில் சீடர்களுக்குத் தோன்றிய காட்சியை யோவான் எழுதுகிறார். இரவெல்லாம் உழைத்துக் களைத்த மீனவர்களுக்காக அவர் கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் ஆயத்தமாக வைத்திருந்தார். அவரிடம் ஏற்கெனவே மீன் இருந்தது. ஆனாலும் அவர்கள் பிடித்த மீன்களிலும் சிலவற்றைக் கொண்டுவரச் சொன்னார். அதன்பிறகே எல்லாரையும் உண்ண அழைத்தார். நம் குமரிக் கடற்கரையில் அதிகாலையில் வள்ளம் ஒதுங்கும் நேரத்தில் நின்றவர்களுக்கு அந்தப் புகையின் மணமும் மீனின் மணமும் புதியவை அல்ல. ஆண்டவர் தாம் தருவதையும் நாம் உழைத்துக் கொண்டுவருவதையும் ஒரே நெருப்பில் வைக்கிறார். அந்தப் பந்தியில் அவர் யாரையும் முற்றத்தில் நிறுத்தவில்லை.

ஆகவே வாசகர்களே, நம் ஊரின் சோற்றை ருசித்து உண்போம். நல்ல உடையை மகிழ்ந்து உடுத்துவோம். வில்லும் களியலும் முழங்கும் இரவுகளில் பிள்ளைகளோடு விழித்திருப்போம். உண்ணுமுன் சிலுவை அடையாளம் வரைந்து நன்றி சொல்லும்போது, கிழங்கு பிடுங்கியவரையும், பனையேறியவரையும், கடலுக்குப் போனவரையும், போய்த் திரும்பாதவரையும் பெயர் தெரியாவிட்டாலும் நினைத்துக்கொள்வோம். பிறகு, வாசலில் யாராவது நிற்கிறார்களா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு உட்காருவோம்.